வண்டியைத் திருப்பிக் காட்டாதவன்

பால்காரர் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால், இன்றைக்கு ஏன் கலக்கவில்லை என்று யோசிக்கிற ஆள் நான். அப்படிப்பட்டவனிடம் கூட்டாளி ஒருவன் தன் பொம்மைக் காரைத் திருப்பிக் காட்ட மாட்டேன் என்றால் எப்படித் தூக்கம் வரும்?

எண்பதுகளின் நடுவில் நடந்தது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குக் கட்டிங், அவனுக்குப் பேக்கிங். பொம்மை வைத்து விளையாடுகிற வயதில்லை, இருவருக்கும் வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த அவனுடைய பெரியப்பா மகன் இரண்டு ரிமோட் கார் கொண்டுவந்தார். சிவப்பு அவனுக்கு, நீலம் எனக்கு. இரண்டும் ஒரே மாடல் என்பதில் ஒரு தொல்லை இருந்தது. ஒரு ரிமோட்டை அழுத்தினால் இரண்டு வண்டியும் சேர்ந்து கிளம்பிவிடும். அதனால் ஒருவன் ஓட்டும்போது மற்றவன் தன் ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றிக் கீழே வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு ஏதாவது செய்வான் என்று எனக்குப் பயம்.

எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமைதான் லீவு. தோல் பதனிடுகிற ஷாப்பில் தோல் காயப்போடுகிற சிமென்ட் தரை அன்று காலியாகக் கிடக்கும். எங்கள் செருப்புகளையே இரண்டு பக்கமும் வைத்து, லைசென்ஸ் எடுக்கப் போனவன் மாதிரி எட்டு போடுவோம்.

டப்பாவிலிருந்து எடுத்த அன்று இரண்டு வண்டியும் ஒரே லட்சணம்தான். பேட்டரி பின்னால் இருந்ததால் மூக்கு தூக்கிக்கொள்ளும். முன்சக்கரம் திரும்பினாலும் வண்டி நேராகவே போய்ச் சுவரில் முட்டும். நான் ஷூ ஆணியைப் பொட்டலம் கட்டி மூக்கில் சொல்யூஷன் வைத்து ஒட்டினேன். வண்டி திரும்பியது, ஆனால் வால் வீசியது. டயர் வழுக்குப் பிளாஸ்டிக், சிமென்ட்டில் எப்படிப் பிடிக்கும்? கம்பெனியில் எடுத்துப்போக விடுகிற கழிவுத் தோலை வெட்டிப் பின் டயருக்கு ஒட்டினேன். இரண்டு சுற்று ராஜா மாதிரி ஓடும். அப்புறம் தோல் தளர்ந்து பட்பட்டென்று தரையில் அடிக்கும்.

அவனும் டயருக்குத் தோல் போட்டிருந்தான். ஆனால் அவன் வண்டி செருப்பை உரசிக்கொண்டு திரும்பும். தளராது, வீசாது. ஓட்டி முடித்ததும் துண்டில் சுற்றி அக்குளில் வைத்துக்கொள்வான்.

"இன்னாடா பண்ண டயருக்கு?"

"ஒண்ணும் பண்ணலபா. சும்மா ஒட்டுனேன்."

சும்மா ஒட்டினால் அப்படி நிற்காது. தோலின் முதுகுப் பக்கம்தான் இழுத்தாலும் நீளாது. அது கழிவில் விழாது, கேட்டில் சோதனை போடுகிறவர்கள் அதை வெளியே விடவும் மாட்டார்கள். எனவே திருடியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

வேறு சமயமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அவன் தங்கையைத்தான் எனக்குக் கேட்டிருந்தார்கள். அவள் வேறொரு கம்பெனியில் ஸ்டிச்சிங். பெண் பார்க்கப் போனபோது காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அப்பா பேசிய நேரமெல்லாம் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அதுகூட எனக்கு உறுத்தியது. வீட்டில் அம்மாவுக்குப் பரம திருப்தி. என் சம்மதம்தான் பாக்கி. எனக்கும் அவளைப் பிடித்திருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். திருட்டுத் தோலை மறைக்கிற வீடு இன்னும் எதையெல்லாம் மறைக்கும்?

அடுத்த வெள்ளிக்கிழமை நேராகவே கேட்டுவிட்டேன்.

"எங்கடா திருடுன இந்தத் தோல?"

அவன் முகம் செத்துப்போய்விட்டது. துண்டில் வண்டியைச் சுற்றினான். "வூட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னான். விறுவிறுவென்று முன்னால் நடந்தான். போச்சு, சம்பந்தமும் போச்சு, தோஸ்தும் போச்சு என்று நினைத்துக்கொண்டே என் வண்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

வீட்டில் அவன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவன் காரைத் தரையில் கவிழ்த்து வைத்துத் தங்கையைக் கூப்பிட்டான்.

"இது திருட்டுத் தோலாம். நீயே சொல்லு."

குனிந்து பார்த்தேன். டயரைச் சுற்றி வந்த தோல் ஓரத்தில் சீவி மெலிதாக்கப்பட்டு, முனையோடு முனை பொடித்தையலில் இணைக்கப்பட்டிருந்தது. ஒட்டு தெரியவே இல்லை. அது அவன் கை வேலை இல்லை.

"அப்பா பெல்ட்டுதான்" என்றாள் அவள். "நான்தான் வெட்டுனேன்."

"அடிப்பாவி!" என்று எழுந்த அப்பா, பழக்கதோஷத்தில் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். "ஒரு மாசமா தேடிக்கினு இருக்கேன்!"

அவள் என்னைப் பார்க்கவில்லை. அண்ணனிடம்தான் சொன்னாள். "உன் கூட்டாளிக்கு எதுவும் காட்டாதண்ணான்னு சொன்னதும் நான்தான். தோத்தா மூஞ்சி எப்டி போகுதுன்னு தெரியணும் இல்ல? பொண்ணு பாக்க வர்றப்போ எல்லாரும் நல்லாத்தான் சிரிக்கிறாங்க."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நான் அவர்களை எடைபோட்டுக்கொண்டிருந்ததாக நினைத்த அத்தனை வெள்ளிக்கிழமையும் தராசு அவள் கையில் இருந்திருக்கிறது.

"மூஞ்சி எப்டிம்மா போச்சு?" என்று அப்பா கேட்டார், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

"கோவம் ஜாஸ்தி. ஆனா வெளிய போயி பேசல, மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டாரு. பரவால்ல." என் வண்டியைக் கையில் எடுத்துத் தொங்கிய தோலை விரலால் இழுத்துப் பார்த்தாள். "கட்டிங்ல இருக்காருன்னு சொன்னீங்க. வயித்துத் தோல்ல டயர் போட்டிருக்காரு. நீளாம இன்னா பண்ணும்? இங்கயே வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க, சரி பண்ணித் தர்றேன்."

வண்டியை அங்கேயே வைத்தேன். ஆனாலும் புத்தி போகுமா? என்னைக் கேட்காமல் யாரும் ஓட்டக் கூடாது என்று ரிமோட்டை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

தெருமுனை தாண்டவில்லை, பின்னால் பட்பட்டென்று என் வண்டி ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் அண்ணனுடைய ரிமோட்டுக்கும் அது ஓடும் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.