சௌந்திரத்தின் மஞ்சள் காப்பு

பாவாயியிடம் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்தில் இருக்கும் குழந்தை முகத்தைச் சொறியக் கையைத் தூக்கினால் போதும், அவள் கை முந்திக்கொண்டு போய் அந்தக் கையைப் பிடித்துவிடும். தன் வீட்டுக் குழந்தை, அடுத்த வீட்டுக் குழந்தை என்ற பேதம் கிடையாது. ஒருமுறை ஓமலூர்ச் சந்தையில் புளி வாங்க நின்றவள், முன்பின் தெரியாத ஒருத்தியின் இடுப்பிலிருந்த குழந்தையின் கையைப் பிடித்துவிட்டு, நன்றாக ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். வெகுகாலமாக அவளைப் பார்த்து வருகிறவர்கள், "பாவாயி கைக்குத் தனியாக் கண்ணு இருக்குது" என்று கேலி செய்வார்கள். அவள் சிரிப்பாளே தவிரப் பதில் சொல்லமாட்டாள். பொதுவாகவே அவள் வாயைத் திறப்பது அபூர்வம்.

சௌந்திரத்துக்கு அம்மை போட்ட கோடையில் வந்த பழக்கம் அது. சௌந்திரம் அவளுடைய ஒரே பெண். அப்போது நாலு வயது. ஓமலூருக்கு மேற்கே, ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்திலேயே வீடு. பெரியவர்கள் மூன்றே பேர்: பாவாயி, அவள் புருஷன் சென்னிமலை, சென்னிமலையின் அக்கா காளியாத்தாள். காளியாத்தாளைப் பாவாயி நங்கை என்று கூப்பிடுவாள். புருஷனையும் ஒரே மகனையும் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள் அவள். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கிக் கல்யாணமும் செய்து வைத்தாள். அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

முதலில் காய்ச்சல் கண்டது. பிறகு குழந்தையின் வயிற்றிலும் மார்பிலும் பனித்துளி ஒட்டினாற்போலக் கொப்புளங்கள் எழும்பின. காளியாத்தாள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கடைசியில் அவள் நிமிர்ந்து கையைக் கூப்பி, "சின்னவதான் வந்திருக்கறா. பெரியவ இல்லே" என்றாள்.

பெரியம்மை இல்லை, சின்னம்மைதான் என்பது அதன் பொருள். உயிருக்கு மோசமில்லை. ஆனால் எந்த அம்மையானாலும் மாரியாத்தா அந்த உடம்பில் இறங்கி இருக்கிறாள் என்பதுதான் எல்லாருடைய நம்பிக்கையும். வாசலில் வேப்பிலை செருகினார்கள். அடுப்பில் தாளிப்பது நின்றது. வெளியார் வாசலுக்கு அப்பால் நின்று குரல் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது; ஆத்தா என்றுதான் சொல்லவேண்டும். குழந்தை வாயால் எது கேட்டாலும் கேட்பது ஆத்தா. இல்லை என்று சொல்லக்கூடாது.

சௌந்திரம் இதைச் சீக்கிரமே கண்டுகொண்டாள். நுங்கு கேட்டாள், வந்தது. கருப்பட்டி கேட்டாள், வந்தது. தொழுவத்திலிருந்த செவலைக் கன்று தன் பக்கத்தில்தான் படுக்கவேண்டும் என்றாள். காளியாத்தாள் கன்றை அவிழ்த்து வீட்டுக்குள் கொண்டுவந்து கட்டினாள். அது பாயை நனைத்தபோது அவளே துடைத்தும் விட்டாள். சௌந்திரத்துக்கு அதைப் பார்த்து ஒரே சிரிப்பு.

பாவாயியால் மட்டும் சிரிக்க முடியவில்லை. குழந்தையின் இடது கண்ணின் மேலிமையில், மயிர் முளைக்கிற ஓரத்திலேயே, ஒரு கொப்புளம் கிளம்பியிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். குழந்தை கண்ணை மூடும்போதுதான் அது தெரிந்தது. நீர் கோத்து, கண்ணுக்குள் சரியப்போவதுபோல் இருந்தது.

ஊரில் ஆடு மேய்க்கிற மணியனை அவள் தினமும் பார்க்கிறவள். சின்ன வயதில் அம்மை கண்டபோது கண்ணைச் சொறிந்து கெடுத்துக்கொண்டவன். ஒரு கண் வெள்ளை விழுந்து கிடக்கும். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பித் திருப்பித்தான் வழி பார்ப்பான். ஆண்பிள்ளை, ஏதோ பிழைத்துக்கொண்டான். பெண்பிள்ளைக்கு அப்படி ஆனால்? இந்தக் கேள்விக்கு மேல் பாவாயிக்கு நினைப்பு ஓடவில்லை.

அன்றிலிருந்து குழந்தையின் கைகளைக் காப்பதே அவள் வேலை ஆயிற்று. அரிப்பு எடுக்கும் இடத்திலெல்லாம் வேப்பங்கொழுந்தால் வருடிக் கொடுத்தாள். ஊதிவிட்டாள். தனக்குத் தெரிந்த கதைகளைச் சொன்னாள். அவை தீர்ந்ததும் கதை கட்டிச் சொன்னாள். இரண்டு கையிலும் உரிக்காத நிலக்கடலையை நிறையக் கொடுத்து, கீழே விட்டால் காக்காய் கொண்டுபோய்விடும் என்றாள். கொஞ்ச நேரம் சௌந்திரம் இறுக்கிப் பிடித்திருப்பாள். பிறகு கடலை பாயில் உருளும். விரல்கள் முகத்துக்குப் போகும். அம்மா பார்க்கிறாள் என்றால் கையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் எப்போது திரும்புவாள் என்று காத்திருக்கவும் கற்றுக்கொண்டாள்.

மாற்றி உட்கார ஆள் இல்லை. காளியாத்தாளுக்கு அடுப்பும் மாடு கன்றும். சென்னிமலைக்குக் கிணற்றடி, அந்தக் கோடையில் ஒருநாள் தண்ணீர் இறைக்காமல் விட்டால் வெங்காயம் கருகிவிடும். பாவாயி தூக்கத்தை விட்டாள். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடக் குழந்தையைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்தாள்.

கடைசியில், காளியாத்தாள் குழந்தைக்குக் கூழ் புகட்டிய சிறிது நேரத்தில், அவள் கிணற்றடிக்குப் போய்ப் புருஷனிடம் கேட்டாள். எருதுகள் பின்னால் வந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும், முன்னால் போனால் தண்ணீரோடு மேலே வரும்; அந்தக் கமலையின் அறுந்துபோன கயிற்றை அவன் முடிந்துகொண்டிருந்தான். குழந்தையின் கையைத் துணியால் கட்டிவிடலாமா, நங்கையிடம் நீங்களே சொல்லக்கூடாதா என்று கேட்டாள். அவன் கயிற்றை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"அக்கா ஒருக்கா கட்டிப் பாத்துப்போட்டுது. அந்தப் பேச்ச எடுக்காதே, பாவாயி."

பிறகு அவனே கொஞ்சம் சொன்னான். காளியாத்தாளின் மகனுக்குப் பெரியம்மை கண்டிருந்தது. சொறிந்து சொறிந்து ரத்தமாக்கிக்கொண்டான் என்று அவள் சீலைத்தலைப்பைக் கிழித்து அவன் கைகளைக் கட்டினாள். மறுநாளே அவன் போய்விட்டான். அம்மையால்தான் போனான் என்று ஊரெல்லாம் சொல்லிற்று. அவள் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆத்தாளின் கையைக் கட்டினேன், அவள் கோபித்துக்கொண்டு பிள்ளையை எடுத்துக்கொண்டாள் என்பதுதான் அவள் சொன்னது. அதற்குப் பிறகு அதைப்பற்றிப் பேசியதும் இல்லை.

பாவாயி வீட்டுக்கு வந்தாள்.

அன்று உச்சி வெயிலில் சுவரில் சாய்ந்தவள் அறியாமல் கண் அயர்ந்துவிட்டாள். விழித்தபோது சௌந்திரத்தின் முகத்தில் ரத்தம். பாவாயி பாய்ந்துபோய்க் குழந்தையின் மோவாயைப் பிடித்து முகத்தைத் திருப்பினாள். ரத்தத்தில் எது எங்கே என்று முதலில் தெரியவில்லை. புருவத்தின்மேல் இருந்த கொப்புளம்தான் கிழிந்திருந்தது. இமை ஓரத்தில் இருந்தது அப்படியே இருந்தது. ஒரு விரற்கடை தூரம்கூட இல்லை.

"அரிக்குதம்மா" என்று சௌந்திரம் அழுதாள்.

பாவாயி எழுந்தாள். உறியில் இருந்த பருத்தி நூலை எடுத்து முறுக்கேற்றி, மஞ்சளை உரசி அதில் தோய்த்தாள். நோன்பு நோற்கிறவர்கள் மணிக்கட்டில் காப்புக் கட்டுவதுபோலக் குழந்தையின் இரண்டு மணிக்கட்டிலும் தளர்வாகக் கட்டினாள். மிச்ச நூலை அறுக்கவில்லை. அந்த முனைகளைத் தன் மணிக்கட்டுகளில் சுற்றிப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். குழந்தையின் கை நெஞ்சுவரை தாராளமாக வரும். அதற்குமேல் போனால் நூல் இழுக்கும், தூங்கினாலும் தெரியும். பிறகு எதிரே உட்கார்ந்து, நங்கை வந்து பார்க்கும்போது என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

சௌந்திரம் கையைத் தூக்கிப் பார்த்தாள். அம்மாவின் கை கூடவே வந்தது. மறு கையை இழுத்தாள், அதுவும் வந்தது. அழுகை நின்றுவிட்டது. நூல் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கிணற்றடியில் அப்பன் எருதுகளை அதட்டுவதுபோல, "ஏய், பின்னால வா... பின்னால வா" என்றாள்.

பாவாயி மண்டியிட்டபடியே பின்னால் நகர்ந்தாள்.

"இப்பப் போ. சால் வெளிய வரோணும்."

பாவாயி முன்னால் போனாள். குழந்தை வாயாலேயே தண்ணீர் கொட்டுகிற சத்தம் போட்டது. மறுபடியும் பின்னால், மறுபடியும் முன்னால். வாய்க்கால் நிறைந்தது, வெங்காயப் பாத்தி நிறைந்தது, கன்றுக்குத் தண்ணீர் காட்டியாயிற்று. பாவாயிக்கு முழங்கால் தோல் உரிந்தது. ஆனால் வெயில் சாயும்வரை குழந்தையின் விரல் ஒருமுறைகூட முகத்துக்குப் போகவில்லை.

காளியாத்தாள் கூழ்ச்சட்டியோடு உள்ளே வந்தவள் நிலைப்படியிலேயே நின்றாள். நூலைப் பார்த்தாள். அவள் முகம் சாம்பலாகிப்போனதைப் பாவாயி பார்த்தாள்.

"ஆத்தா கையக் கட்டிப்போட்டயா?"

பாவாயி தன் மணிக்கட்டு முடிச்சைத் தூக்கிக் காட்டினாள். "ஆத்தா கையக் கட்டுலீங்க நங்கை. என்ற கையைத்தானுங்க ஆத்தாளோட கட்டியிருக்கறேன்."

காளியாத்தாள் சட்டியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அவள் திரும்பி வந்தபோது கூடவே மாரியம்மன் கோயில் பண்டாரம் குழந்தைவேல் வந்தார். ஆத்தாளுக்குப் பூசை செய்கிறவர் அவர். வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். காப்புக் கட்டுவது ஆத்தாளுக்குப் பிடித்த காரியம் என்றார். கட்டிப்போடுவது பிடிக்காத காரியம் என்றும் சொன்னார். இது இரண்டில் எது என்று தனக்கே விளங்கவில்லை என்று தாடியைத் தடவினார்.

"நாம ஏன் தகராறு பண்ணிக்கோணும்? ஆத்தாளையே கேட்டுப்போடலாம்" என்றார்.

குழந்தை வேண்டாம் என்றால் அது ஆத்தாளின் வாக்கு. அப்புறம் அவிழ்த்துத்தான் ஆகவேண்டும். கருப்பட்டி கேட்டபோது வந்தது, கன்று கேட்டபோது வந்தது. உடம்பு அரிக்கிற குழந்தை கையை விடு என்று கேட்காமல் வேறு எதைக் கேட்கும்? பாவாயி சௌந்திரத்தின் கண்ணையே பார்த்தாள். கண்ணால் ஜாடை காட்டலாமா என்று நினைத்தாள். காளியாத்தாள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

பண்டாரம் கையைக் கூப்பினார். "தாயே, இந்தக் காப்பு இருக்கட்டுமா? அவுத்துப்போடச் சொல்றயா?"

சௌந்திரத்தின் இடது கை மெல்ல மேலே கிளம்பிற்று. நெஞ்சைத் தாண்டிற்று. பாவாயியின் மணிக்கட்டில் நூல் இறுகிற்று. பிடித்து இழுக்க அவளுக்குத் துணிவு வரவில்லை; பண்டாரம் பார்க்கிறார், நங்கை பார்க்கிறாள். கை கழுத்துவரை போய் அங்கேயே நின்றது.

"அவுத்தா மாடு ஓடிப்போயிருமே" என்றாள் சௌந்திரம். "இன்னும் கத்திரிக்குத் தண்ணி பாயலே."

பண்டாரத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவிழ்க்கவேண்டாம் என்பது மட்டும் புரிந்தது. அவர் விபூதியை வாசலில் வைத்துவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரைக்கும் முடிச்சு அவிழக்கூடாது, கட்டிக்கொண்டவளும் வீட்டைவிட்டு வெளியேறக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

காளியாத்தாள் நிலைப்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கூழைக் கரைத்துக்கொண்டு வந்தாள். பாவாயி வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியபோது குழந்தையின் கையும் கூட வந்தது.

"கையக் கீழ வெய்யி, அம்மிணி. ஆத்தா தூங்கப்போறா" என்று சொல்லி, காளியாத்தாளே சட்டியைப் பாவாயியின் வாயில் வைத்துப் புகட்டினாள். பாதிக் கூழ் மோவாயில் வழிந்தது. அதைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அவள் பாவாயியை அம்மிணி என்று செல்லமாகக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

ஆட்டம் மறுநாளும் தொடர்ந்தது. அடுத்த நாளும் தொடர்ந்தது. சில வேளை குழந்தைக்கு அலுத்துப்போய் அழுது நூலைக் கடிக்கும். அப்போது காளியாத்தாள் வந்து, தண்ணீர் வந்து பாயாத பாத்தியாகத் தன்னைச் சொல்லிக்கொண்டு பாய்க்குப் பக்கத்தில் படுப்பாள். "என்ற பாத்தி காயுதே, சாமி" என்பாள். சௌந்திரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாட்டை முடுக்குவாள். இமை ஓரத்துக் கொப்புளம் தானாகவே வற்றிக் கறுத்து, ஒரு காலையில் பாயில் உதிர்ந்து கிடந்தது. பாவாயி குழந்தையின் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, எதிரே என்ன தெரிகிறது என்று கேட்டாள். கன்னுக்குட்டி வாலைத் தூக்குது, பாயை எடு என்றாள் சௌந்திரம்.

வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றி நூலை அவிழ்த்தார்கள். கொஞ்ச நாளில் பாவாயிக்குக் காய்ச்சல் கண்டது. அவளுக்கு அதற்குமுன் அம்மை போட்டதில்லை. இரவும் பகலும் குழந்தையோடு பிணைந்து கிடந்தால் வராமல் என்ன செய்யும்? வளர்ந்த உடம்பில் சின்னவளும் கடுமையாகத்தான் இருந்தாள். நினைவு தப்பிக் கிடந்த பாவாயியின் பக்கத்தில் காளியாத்தாள்தான் வேப்பங்கொழுந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆத்தா என்று கூப்பிட்டாளா அம்மிணி என்று கூப்பிட்டாளா என்று பாவாயிக்குத் தெரியாது.

இப்போது சௌந்திரத்துக்கு வயது இருபத்திரண்டு. வாழப்பாடிப் பக்கம் தங்கமுத்து என்பவருக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இடது இமையில் ஓர் இடத்தில் மட்டும் மயிர் முளைக்கவில்லை. கிட்டத்தில் பார்த்தால்தான் தெரியும். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகின்றன. பாவாயியின் கன்னத்திலும் கழுத்திலும் தழும்புகள் இருக்கின்றன. காளியாத்தாள் அந்தத் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்குக் கண் மங்கிவிட்டது. சோறு போட்டுக் கையில் கொடுப்பது பாவாயி.