இஸ்திரிப் பெட்டிக் கோப்பை

குர்ஜாவில் நயீம் பாயின் பீங்கான் பட்டறையில் பதினெட்டு வருடமாகக் கோப்பைகளுக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்தாள் இஷ்ரத். காலையில் உட்கார்ந்தால் இடுப்பு மரத்துப்போகும்வரை காதுதான். கணவன் தஸ்லீம் தள்ளுவண்டியில் துணி தேய்த்தவன். போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் பாதி போயின. கோப்பையின் மெல்லிய காது விரலில் நிற்காது. டீ மார்பில் கொட்டும். கரண்டியால் ஊட்டப்போனால் வாயை இறுக மூடிக்கொள்வான். கோபித்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். பிறகு எதற்கும் தெம்பில்லாமல் போயிற்று.

ஒருநாள் வீடு திரும்பியபோது, கட்டிலோரம் கிடந்த இஸ்திரிப் பெட்டியின் மரப்பிடியை அவன் சும்மா பற்றிக்கொண்டிருந்தான். அது நழுவவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் களிமண்ணைத் தட்டி, இஸ்திரிப் பெட்டி வடிவில் ஒரு கோப்பை செய்தாள். மேலே குறுக்காகத் தடித்த பிடி. கூர்முனையில் உறிஞ்ச ஒரு வாய். சூளைக்காரர் ராம்வீர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன அண்ணி, டீயையும் தேய்ச்சுத்தான் குடிப்பீங்களா?"

கேட்டுக்கொண்டே சூளையின் ஓரத்தில் இடம் கொடுத்தார். முதலாவது வெடித்தது. இரண்டாவதில் பிடி கோணியது. மூன்றாவதுதான் தேறியது.

தஸ்லீம் அதை வெகுநேரம் பார்த்தான். கையில் கொடுத்ததும் குடிக்கவில்லை. போர்வைமேல் வைத்து ஒரு தடவை முன்னும் பின்னும் இழுத்தான். அப்புறம் உறிஞ்சினான்.

"சூடு... பத்தல," என்றான் குழறலாக.

"பெட்டிக்கா, டீக்கா?"

அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. எத்தனையோ மாதம் கழித்து.

விஷயம் நயீம் பாய்க்கு எட்டியது. அவர் ஒன்றைச் செய்யச்சொல்லிக் காட்டியதில், தில்லிக் கடைக்காரர் ஒருவர் அதேபோல முந்நூறு கோப்பை கேட்டாராம். இதுபோல வீட்டுச் சாமானாக இன்னும் யோசிக்கச் சொன்னார் பாய். குக்கர் வடிவில் சர்க்கரை ஜாடி செய்தாள். விசில்தான் மூடியின் குமிழ். சோப்பு வைக்கக் குட்டித் துவைகல். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அடுத்தது என்ன என்று பாய் கேட்டபோது அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை.

"கொஞ்ச நாள் விடுங்க பாய். வீட்டுல எதைப் பார்த்தாலும் செய்ய வேண்டிய வேலையாத்தான் தெரியுது."

அதையும் அவர் வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் டீ போட்டுக் கொடுத்தால் தஸ்லீம் சிந்தாமல், மெல்ல மெல்லத் தானே குடிப்பான். கால் மணி நேரமாகும். அதுவரை அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். வெறும் தரையிலேயே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.