கோபால்சாமியின் இடது கண்

சாமைக் கொல்லையில் களையென்று நினைத்துப் பயிரையே பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார் கோபால்சாமி. அதைப் பார்த்த பிறகுதான், இனியும் விட்டால் ஆகாது என்று அவருடைய மகன் சின்னராஜ் முடிவு செய்தான். ஜவ்வாது மலையிலிருந்து இறக்கி, வேலூர்ப் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. முதலில் வலது, பிறகு இடது என்றார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் நிவேதா என்ற பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கே ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்பவள். எடுக்கப்போகும் கண் லென்ஸை ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று கேட்டாள்.

"கெட்டுப்போனத வெச்சிக்கினு இன்னாம்மா பண்ணுவ?"

"அதுல இருக்கிற புரதத்தைப் பார்ப்போங்க ஐயா. ஒடம்புல நெறைய எடத்துல பழசு போய்ப் புதுசு வரும். லென்ஸோட நடுப்பாகம் அப்படி இல்ல. நீங்க அம்மா வயித்துல இருந்தப்ப உண்டானது. இன்னிக்கு வரைக்கும் அதேதான். வயசும் வெயிலும் சேர, ஆக்சிஜன் ஏறி ஏறி மஞ்சளாப் போயிடுது."

அவர் வலது கண்ணிமையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "எடுத்துக்கோ" என்றார்.

கட்டுப் பிரித்து வீடு திரும்பிய சில நாளில், மருமகள் கல்பனா டிரங்குப் பெட்டித் துணிகளை எடுத்து வெயிலில் போட்டாள். கொடியில் ஒரு புடவை காற்றில் ஆடியது.

"யாரு பொடவம்மா அது?"

"அத்தையோடது மாமா. நீங்க செங்கத்துல எடுத்துக் குடுத்தீங்களே, அது."

"அது பச்சையாச்சே!"

"நீலந்தான் மாமா."

கோபால்சாமி இடது கண்ணைக் கையால் மூடினார். மழை விட்ட வானம் போல நீலம். வலது கண்ணை மூடினார். மங்கிய பச்சை.

அந்தப் புடவை வாங்கிய அன்று நல்ல மழை. பாதி மலையில் பஸ் நின்றுவிட, அவர் மனைவி ராணியம்மாள் பொட்டலத்தை நனையாமல் இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தே ஏறினாள். கடைசி வருஷங்களில் அவள் அதைக் கட்டும்போதெல்லாம், "பச்ச உனக்கு எடுப்பா கீது" என்பார். "நீலத்தப் போயி பச்சன்றியே, இன்னா கண்ணுய்யா உனுக்கு!" என்று சிரிப்பாள். கிண்டல் என்றே நினைத்திருந்தார். அவள் போய் மூன்று வருஷமாகிறது.

இடது கண்ணுக்குத் தேதி வந்தபோது அவர் கிளம்பவில்லை. இன்னொரு தேதியும் போயிற்று. காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலங்களில் வலது கண்ணை மூடிக்கொண்டு அடுப்பங்கரைப் பக்கம் பார்ப்பார். அவள் இருந்த காலத்து மஞ்சள் வெளிச்சத்திலேயே எல்லாம் தெரியும்.

மழைக்காலம் முடிந்து, வலது கண்ணைக் காட்டப் போனபோது நிவேதாவைப் பிடித்துக்கொண்டார்.

"எங் கண்ண இன்னாம்மா பண்ண?"

அவள் ஓர் அறைக்கு அழைத்துப் போனாள். பீரோ உயரத்தில் ஒரு மெஷின் முனகிக்கொண்டிருந்தது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்றாள். "லென்ஸைக் கரைச்சு, புரதத்தைத் துண்டு துண்டாக்கி இதுல விடுவோம். ஒவ்வொரு துண்டோட எடையையும் இது காட்டும். ஆக்சிஜன் ஒட்டின துண்டு கொஞ்சம் கனமா இருக்கும்." திரையில் மலைமுகடுகளாகக் கோடுகள் எழும்பி நின்றன.

"இதுல என்னுது எது?"

"எனக்கே தெரியாதுங்க ஐயா. யார் பேரும் போடறதில்ல. பல பேரோடத சேத்துப் பாத்தாதான் எதனால கெடுதுன்னு புரியும்."

"கரைச்சிட்டியா? மிச்சம் இல்லியா?"

"இல்லீங்க."

அவர் முகம் வாடிவிட்டது. தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எங்கூட்டுக்காரிய அத்தன வருஷம் பாத்த கண்ணும்மா அது. அவளும் அதோட பூட்டாளா?"

நிவேதா சிரிக்கவில்லை. அவர் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "லென்ஸ் ஜன்னல் மாதிரிங்க ஐயா. வெளிச்சம் அது வழியா உள்ள போவும், அவ்ளோதான். பாத்ததெல்லாம் உங்க கிட்டயே இருக்கு."

வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்ப இந்தக் கண்ணுக்கு எப்போ வர்றது?"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போளூரிலிருந்து மலையேறும் பஸ்ஸில் சின்னராஜ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மனைவி போனதிலிருந்து வீட்டில் அவள் பேச்சையே எடுக்காத மனிதர், அன்று தானாக ஆரம்பித்தார். கல்யாணத்தன்று அவள் பலா மரத்தின் மேல் ஏறி ஒளிந்துகொண்டது. ஒருமுறை கொல்லையில் புகுந்த கரடியை, எரியும் கட்டையோடு விரட்டியது.

"அம்மா கரடிய தொரத்துச்சா? சொன்னதே இல்லியே நீ."

"நான் எங்க இருந்தேன்னு கேக்கலியே. பரணுமேல!"

சின்னராஜ் சத்தமாகச் சிரித்தான். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அப்புறம்?" என்றான்.

வளைவுக்கு வளைவு, கோபால்சாமி சொல்லிக்கொண்டே வந்தார்.