படிகம் சுத்தமாக இருந்த மூன்று மணி நேரம்

செம்புப் படிகத்தின் மேல் ஹீலியம் அணுக்களை எறிந்து, அவை எந்தத் திசையில் தெறிக்கின்றன என்று பார்ப்பது சென்னையில் எனக்கு வேலை. அதை வைத்து மேற்பரப்பின் அமைப்பைச் சொல்லிவிடலாம். ஆனால் மேற்பரப்பு படு சுத்தமாக இருக்க வேண்டும். காற்றில்லாத கலத்துக்குள் வைத்து, அயனிகளால் அடித்து, சூடேற்றி, மறுபடி அடித்து, பத்து நாள் மாரடித்தால் மூன்று மணி நேரம் சுத்தமாக இருக்கும். அதற்குள் கலத்தில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச வாயு வந்து ஒட்டிக்கொள்ளும்.

அந்த மூன்று மணி நேரம் தொடங்கியபோதுதான் அக்கா போன் செய்தாள். அப்பாவுக்கு நெஞ்சுவலி, விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

"ஜல்தி வாடா. உன்னத்தான் கேட்டுக்கினு இருக்காரு."

திரையில் தெறிப்பு வரைபடத்தின் முதல் சிகரம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்காக எட்டு மாதம் காத்திருந்தவன் நான். "கிளம்பிட்டேன்க்கா" என்றேன், பாவி. நாற்காலியை விட்டு எழவில்லை. படிகத்தை இன்னொரு பத்து நாளில் மறுபடி சுத்தம் செய்திருக்கலாம்.

ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டு, எங்கே வந்திருக்கிறேன் என்று கேட்டாள். "திண்டிவனம் வந்துட்டேன்." வாய் கூசவில்லை. போனை சைலண்டில் போட்டுக் கவிழ்த்து வைத்தேன்.

அப்பா அந்த ரோட்டில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வர எத்தனை நிமிஷம், எங்கே எந்த வண்டி கவிழ்ந்தது எல்லாம் அவருக்கு அத்துப்படி. இது எனக்குத் தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அளவீடு அருமையாக முடிந்தது. போனைத் திருப்பினால் அக்காவின் அழைப்புகள் வரிசையாக நின்றன. திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. காரை விரட்டிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அக்காவும் அவள் வீட்டுக்காரரான மாமாவும் நின்றார்கள். அக்கா ஓடி வந்து என் தலை, கை, தோளெல்லாம் தடவிப் பார்த்தாள்.

"உனக்கு ஒண்ணும் ஆவலியே? திண்டிவனம் வந்துட்டான்னு சொன்னதும் சிரிச்சாருடா. ஒரு மணி நேரம் ஆச்சு, எங்க அவன்னாரு. நீ போனும் எடுக்கல. ரோட்டுல எதுனா ஆயிடுச்சான்னு எழுந்து உக்காந்துட்டாரு. படுங்கன்னா கேக்கல. மாமாவ பைக்குல தேட அனுப்புனாரு. எம் புள்ளையப் பாருங்க, எம் புள்ளையப் பாருங்கன்னு சொல்லிக்கினே போயிட்டாருடா."

அப்போதும் வாயில் வந்தது பொய்தான்.

"திண்டிவனம் தாண்டி வண்டி நின்னுடுச்சுக்கா."

அந்த ரோட்டை இரண்டு தடவை தேடிவிட்டு வந்திருந்த மாமா பக்கத்தில்தான் நின்றார். என்னை ஒரு முறை பார்த்தார். அக்காவிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.