மீனம்மா அக்காவின் முன்கண்ணாடி

மீனம்மா அக்காவின் காருக்குக் கண்ணாடி கிடைக்காது என்று முதலில் சொன்னவன் நான்தான். முரசுமோட்டையில் கராஜ் வைத்திருக்கும் சுதாகரன். எந்த வண்டியின் வியாதியையும் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன் என்று திமிர் பிடித்துத் திரிந்தவன். அந்தத் திமிரை அக்கா என் கராஜுக்குள்ளேயே வைத்து உடைத்தார்.

அக்காவின் பெற்றோர் எழுபதுகளில் மலையகத் தோட்டத்தை விட்டு இங்கே வந்தவர்கள். எங்கள் ஆட்களின் வயல்களில் கூலிக்கு நின்று, காடு வெட்டி, கடைசியில் வாய்க்கால் முடிகிற இடத்தில் இரண்டு ஏக்கர் பெற்றார்கள். தலை வாய்க்காலில் எங்கள் ஆட்கள், கடை வாய்க்காலில் அவர்கள். தண்ணீர் எங்களைத் தாண்டித்தான் அவர்களிடம் போகும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் நடக்கிறது. சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன் நெல் ஆலை ஒன்றில் மூட்டை அடுக்குச் சரிந்து அக்காவின் வலது முழங்கால் நொறுங்கியது. அன்றிலிருந்து அந்தக் கால் மடங்காது. பஸ்ஸில் ஏற அவருக்குக் கொஞ்ச நேரம் வேண்டும், கண்டக்டருக்கு அந்த நேரம் கிடையாது. ஓட்டோவில் ஏறினால் கால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மழை குறைந்த சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. யாருக்கு எவ்வளவு என்று கிளிநொச்சியில் கூட்டம் வைத்துப் பங்கு பிரிப்பார்கள். கடை வாய்க்காலின் பதினொரு குடும்பங்களும் தங்களுக்காகப் பேச அக்காவைத்தான் தெரிவு செய்திருந்தன. போன வருடம் கூட்டத்தன்று இரண்டு பஸ்கள் அவரைக் கண்டும் நிற்காமல் போயின. அவர் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கடை வாய்க்காலில் இருந்து ஒருவரும் வரவில்லை என்று பதினொரு குடும்பங்களுக்கும் பங்கு இல்லாமல் போயிற்று.

அடுத்த கிழமை அக்கா என் கராஜுக்கு வந்தார்.

"தம்பி, எனக்கு ஒரு கார் செய்ய வேணும். கால் நீட்டிக்கொண்டு ஓடக்கூடிய கார்."

"வேற யாரையாவது கூட்டத்துக்கு அனுப்பலாம்தானே அக்கா?"

"இந்த வருசம் வேறயாளை அனுப்பினா, அடுத்த வருசமும் வேறயாள்தான் போகும். என்னால ஏலாது எண்டு நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

பழைய ஓட்டோ என்ஜின், கழித்துப்போட்ட சின்னக் கார் ஒன்றின் சில்லுகள், இரும்புச் சட்டம், தகரம். சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் காலுக்கு நீளமாக இடம் விட்டோம். பிரேக், வேகம், கிளச் எல்லாம் கைப்பிடியில். பதிவுக்கும் லைசன்ஸுக்குமாக அந்தக் காலோடு அவர் ஏறி இறங்கிய படிகளை எண்ணினால் அது தனிக் கதை. பத்து மாதத்தில் கார் ஓடியது. முன்கண்ணாடிதான் இல்லை, அது கிடைக்காது என்றும் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

உதிரிப்பாகக் கடைக்காரர் ஒருவர் சிரித்தார். எந்தக் கம்பனியும் செய்யாத காருக்கு எந்தக் கம்பனி கண்ணாடி செய்யும் என்று கேட்டார். பிளாஸ்டிக் தகடு போடலாம் என்றேன் நான்.

"பிளாஸ்டிக் போட்டா விளையாட்டுக் கார் எண்டு சிரிப்பினம். கண்ணாடிதான் போடுறம்" என்றார் அக்கா.

பழைய இரும்புக் கடையொன்றில் உடைந்த பஸ் ஒன்று கிடந்தது. அதன் முன்கண்ணாடியில் ஒரு மூலைதான் கல் பட்டு நொறுங்கியிருந்தது, மிச்சம் நல்லது. வாகனத்தின் பக்கக் கண்ணாடியை வெட்டப்போனால் சீனி போல உதிர்ந்துவிடும். முன்கண்ணாடி அப்படியில்லை. அது இரண்டு தட்டு, நடுவில் மெல்லிய பிளாஸ்டிக். மட்டையில் அளவெடுத்து, இரண்டு பக்கமும் கீறி, கீறலில் ஸ்பிரிட் விட்டுக் கொளுத்தி, இளகிய பிளாஸ்டிக்கைப் பிளேட்டால் அறுத்தோம். அக்கா மட்டையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

கூட்டத்துக்கு முதல்நாள்தான் கண்ணாடியைக் காரில் பூட்டினோம். அதற்கும் நான் பஞ்சாங்கம் பார்த்தேன். நல்ல நேரம் பன்னிரண்டேகாலுக்கு என்றிருந்தது. அதுவரை கண்ணாடி முற்றத்து வெயிலில் சாய்ந்து கிடந்தது. கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டி போட்டு, அதன் மடிப்புக்குள் கயிற்றைச் செருகி, சவர்க்காரத் தண்ணீர் பூசி, நானும் மனைவி நிசாந்தினியும் வெளியே இருந்து அமத்தினோம். அக்கா உள்ளே இருந்து கயிற்றை இழுத்தார். இழுக்க இழுக்க ரப்பர் தகரத்தின் மேல் ஏறிச் சுற்றிவர அமர்ந்தது. அவ்வளவு சந்தோசம் எனக்கு என் கலியாணத்திலும் இருந்ததில்லை, நிசாந்தினி மன்னிக்கட்டும்.

தேங்காய் உடைத்தோம். மாவிலையால் நாலு துளி மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தால் போதும். சந்தோசத்தில் நான் அப்போதுதான் அள்ளிய கிணற்றுத் தண்ணீரைச் செம்போடு கண்ணாடியில் ஊற்றினேன். டிக் என்று ஒரு சத்தம். இடது மூலையில் இருந்து பாதிக் கண்ணாடி வரை வெடிப்பு ஓடியது.

"சகுனம் சரியில்லை அக்கா. நாளைக்கு இதை எடுக்க வேண்டாம்" என்றாள் நிசாந்தினி.

"சுடுகிற கண்ணாடியில பச்சைத்தண்ணி ஊத்தினா வெடிக்கும். சகுனம் என்ன செய்யும் பாவம்? எனக்கு ரோட்டுத் தெரியுது. போவன்."

நான் தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

காலையில் அக்கா ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். கூட்டம் தொடங்கக் கால் மணி நேரம் முன்பே போய்விட்டோம். விவசாயிகள் அமைப்பின் தலைவர் மயில்வாகனம் எனக்கு மாமா முறை. அவர் வாசலில் நின்று காரைச் சுற்றிப் பார்த்து, "கண்ணாடி வெடிச்ச காரோ?" என்றார். "வந்து சேர்ந்த கார்" என்றார் அக்கா.

மாமா பங்குப் பட்டியலை வாசித்தார். தலை வாய்க்கால், நடு வாய்க்கால், அத்தோடு தாளை மடித்தார். அக்கா எழுந்து நின்றார்.

"கடை வாய்க்காலை அடுத்த வருசம் பாப்பம். நீ இரு மீனம்மா."

கோபம் வந்தால் அக்காவுக்குத் தாய்வீட்டுப் பேச்சுத்தான் வரும். வந்தது.

"நான் உக்கார மாட்டேங்க. பதினொரு குடும்பம் இருக்கு. எழுதுங்க, அப்புறம் உக்காருறேன்."

அடுத்த விசயத்துக்குப் போனார்கள். உரம், பூச்சி மருந்து, மாடு கட்டுவது. அக்கா முன் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அரை மணி நேரம் போனது. மடங்காத கால் நடுங்குவது எல்லோருக்கும் தெரிந்தது.

"சுதாகரன், உன்ர காரில வந்தவவைப் பிடிச்சு இருத்து" என்றார் மாமா.

"என்ர கார் இல்லை மாமா. அவவின்ர கார்" என்று சொல்லி நானும் எழுந்து நின்றேன். பின் வரிசையில் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த நீர்ப்பாசன உத்தியோகத்தர் பேனாவை எடுத்து, மடித்த தாளைத் தரும்படி மாமாவிடம் கையை நீட்டினார். குடும்பத்துக்கு அரை ஏக்கருக்குத் தண்ணீர் என்றார். அக்கா பெயர்களைச் சொல்லச் சொல்ல அவரே எழுதி, தாளை மாமாவிடம் கொடுத்தார்.

"எழுதியாச்சு. இனி இருங்கோ" என்றார் மாமா.

அக்கா இருக்கவில்லை.

"வாசிங்க."

"என்னத்தை?"

"எழுதினதை. பதினொரு பேரையும்."

மாமா வாசித்தார். பதினோராவதாக வந்தது அக்காவின் பெயர். அதைக் கேட்ட பிறகுதான் அக்கா இருப்பதற்குக் கதிரையை இழுத்தார்.