ஜன்னத் பீவி கட்டிய சீனிப் பொட்டலம்

ஜன்னத் பீவியை நம்ப வைப்பது லேசில்லை என்று லம்பா லைன் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டினால், அந்தச் சிவப்பு சாயமா என்று விரலால் தேய்த்துப் பார்ப்பாள். கல்யாணமான வருஷமே தொண்டியை விட்டுக் கப்பலேறி அந்தமானின் போர்ட் பிளேருக்கு வந்தவள். "மெயின்லேண்டுல ஏமாந்தா அடுத்த கடைக்குப் போகலாம். இங்க ஏமாந்தா அடுத்த கப்பல் வரைக்கும் அழணும்" என்பாள்.

அவள் கணவர் அப்துல் வஹாபுக்கு அபர்டீன் பஜாரில் மளிகைக் கடை. சுற்றிலும் வெல்லமும் சீனியும் பேரீச்சையுமாக உட்கார்ந்திருக்கும் அந்த மனிதருக்குத்தான் 1968-ஆம் வருஷம் சர்க்கரை வியாதி என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் இன்சுலின் ஊசி போடும் விதத்தை நர்ஸ் இந்திராணி அவளுக்குக் கற்றுக் கொடுத்தாள். மதியச் சோற்றுக்கு ஒரு கிண்ணத்தையும் காட்டினாள். "காலையில போடுற இந்த ஊசி, இந்தக் கிண்ணச் சோத்துக்குக் கணக்கு பண்ணினது" என்றாள். அதற்கு மேல் ஒரு பருக்கை கூடாது என்று மட்டும் ஜன்னத் பீவி புரிந்துகொண்டாள். குறைந்தால் நல்லதுதானே!

தினமும் காலையில் அவருடைய சிறுநீரில் சில சொட்டு எடுத்து, கண்ணாடிக் குழாயிலிருக்கும் நீல மருந்தில் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. செங்கல் நிறமானால் சிறுநீரோடு சர்க்கரை போகிறது என்று அர்த்தம்.

செங்கல் நிறம் வரும் நாளெல்லாம் வீட்டில் விசாரணைதான்.

"வெல்லத்துல கை வச்சீகளா?"

"இல்லடி."

"அப்ப பேரீச்சம்பழமா?"

வீட்டுச் சீனி டப்பாவுக்கும் பூட்டு வந்தது. சாவி அவள் முந்தானையில்.

அப்புறம் திடீரென்று குழாய் நீலமாயிற்று. மறுநாளும் நீலம். அதற்கு மறுநாளும். வேறொருத்தி என்றால் சந்தோஷப்பட்டிருப்பாள். ஜன்னத் பீவிக்குத் தூக்கம் போயிற்று.

"இது யாரோடது? ஜெகநாதன்கிட்ட வாங்கினீகளா?"

ஜெகநாதன் கடையில் மூட்டை தூக்குகிறவன். வஹாப் சிரித்தார். "அரிசி பருப்பு கடன் கேப்பாங்க. இத யாருடி கடன் குடுப்பா?"

ஆனால் அந்த ஜெகநாதன் கொழுத்துக்கொண்டு வருவதை அவள் கவனித்தாள். அவரோ இளைத்துக்கொண்டு வந்தார். சாயங்காலங்களில் எரிந்து விழுந்தார். பக்கத்து வீட்டு மரகதம் வேறு வேலியோரம் வந்து குரலைத் தாழ்த்தினாள்: "அண்ணன் நேத்து பஸ்ஸை விட்டு இறங்கித் தள்ளாடிட்டு வந்தாரு, பாத்தியா?"

குடியா? பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்கிற மனிதர். அன்றிலிருந்து அவர் வாசலில் கால் வைத்ததும் பேச்சுக் கொடுக்கிற சாக்கில் வாயை முகர்ந்தாள். மீன் வாடைதான் வந்தது. ஏலக்காய் மென்று மறைத்தாலும் ஏலக்காயாவது மணக்குமே என்று குழம்பினாள்.

ஒரு நாள் சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் ஜெகநாதன் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை உதறியது. நாக்கு தடித்துக் குழறியது.

"சீனி... கொஞ்சம் சீனி குடு."

அவள் குனிந்து முகர்ந்தாள். சாராய வாடை இல்லை. சீனிக்காகப் போடும் வேஷமோ? முந்தானை முடிச்சைக் கை தானாக இறுக்கிப் பிடித்தது.

ஜெகநாதன் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டான். "பாபி, பாய் மதியம் கடையில சோறே திங்கிறதில்ல. மீனை மட்டும் தின்னுட்டு, சோத்த எனக்குத் தள்ளிடுறாரு. காலையில குழாய்ல லால் கலர், அந்தச் செங்கல் சிவப்பு வந்தா, வீட்டுல விசாரணைக் கச்சேரி வைக்கிறீங்களாம்."

இந்தக் கிண்ணச் சோத்துக்குக் கணக்கு பண்ணின ஊசி. இந்திராணி சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊசியைத் தினமும் இவள் கையாலேயே முழுசாகப் போடுகிறாள். அதற்கு ஈடு கொடுக்க வயிற்றில் சோறு இல்லாமல், சர்க்கரை ஒரேயடியாக விழுந்துவிடுகிறது.

முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். டப்பாவைத் திறந்து கைநிறையச் சீனியைத் தண்ணீரில் கலக்கி, அவர் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மடக்கு மடக்காகப் புகட்டினாள். அவர் கண் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக உதறல் அடங்கியது.

"என்னடி, நீயே சீனி குடுக்குற?" என்றார்.

அவளுக்கு அழுகை வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் இந்திராணி அவளை விட்டுவைக்கவில்லை. "சந்தேகப்படுறதுன்னா தட்டையும் சேத்து சந்தேகப்படு. மனுஷனை மட்டும் சந்தேகப்படாத. மீனு சோறு ஆயிடுமா? சோறு குறையுதுன்னா ஊசி போடுறதுக்கு முன்னாடியே இங்க வந்து கேளு. அளவை டாக்டர் மாத்துவாரு. நீயா ஒண்ணும் பண்ணாத."

கப்பல் தாமதமாகி அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, மரவள்ளிக்கிழங்கு அவிக்க வேண்டிய நாட்களில், ஜன்னத் பீவி கிழங்கைக் கிண்ணத்தோடு கொண்டுபோய் டாக்டரிடமே காட்டி ஊசியின் அளவைக் கேட்டு வந்தாள். மதியச் சோற்றைத் தானே கடைக்கு எடுத்துப் போய், கடைசிப் பருக்கை வரை எதிரே நின்று பார்த்தாள். ஜெகநாதனுக்குத் தனிப் பொட்டலம் கட்டினாள். இல்லையென்றால் அவன் கண் இவர் தட்டிலேயே இருக்கும் என்பது அவள் எண்ணம்.

மயக்கம் வந்தால் தின்பதற்கு, வஹாப் இடுப்பில் கட்டும் அகலமான பச்சை வாரின் பணப்பையில் ஒரு சீனிப் பொட்டலத்தை அவளே வைத்து அனுப்பினாள். பொட்டலத்தைக் கட்டிய நூலின் முடிச்சு மட்டும், ஒருமுறை பிரித்தால் வேறு யாருக்கும் திரும்பப் போட வராத மாதிரி இருந்தது. தினமும் சாயங்காலம் அவர் வாரை அவிழ்த்ததும், முதலில் அதைத்தான் எடுத்துப் பார்த்தாள்.