அறுந்த நாணும் குடும்ப டாக்டர்களும்

இண்டூர் காவேரிக்கு மூச்சு வாங்கியபோது குடும்பத்திலேயே மூன்று டாக்டர்கள் தயாராக இருந்தார்கள். யாரும் அதற்குப் படித்ததில்லை, அவ்வளவுதான். தக்காளிக் கூடையை இறக்கிவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டவளைப் பார்த்ததும் கணவர் பச்சியப்பன், “வாயுதான். ஒரு சோடா குடிச்சா சரியாப்பூடும்” என்றார். நாத்தனார் நஞ்சம்மாள் கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டு, அந்தப் புகையில் இருமலையும் சேர்த்து அருளினாள். பெங்களூரில் இருக்கும் மகன் மாதேஷ் போனிலேயே யோகா செய்யச் சொன்னான்.

படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். குடும்பமே அவளுக்காகக் கவலைப்பட்டது. கவலைப்பட்டவர்களுக்கு மூன்று வேளையும் அவள்தான் சமைத்துப் போட்டாள்.

ஒரு நாள் களி கிண்டும்போது துடுப்பு கையிலிருந்து நழுவியது. அடுப்பை அணைத்தாள். யாரையும் கேட்காமல் தருமபுரிக்கு பஸ் ஏறினாள்.

எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர் ஜெயபிரியா உடனே வீட்டாரை வரவழைத்தார்.

“இதயத்துல வால்வு ஒரு கதவு மாதிரிங்க. அது பின்பக்கமா மடங்காம, நாண்னு மெல்லிசா கயிறுங்க இழுத்துப் புடிச்சிருக்கும். இவங்களுக்கு ஒண்ணு அறுந்துபோச்சு. ரத்தம் நுரையீரல் பக்கமே திரும்புது. அதான் மூச்சு முட்டுது.”

“அறுந்துபோச்சுங்களா? இத்தினி நாளா வூட்டு வேலையெல்லாம் செஞ்சாளே மேடம்!” என்றார் பச்சியப்பன், புகார் சொல்வதுபோல.

டாக்டர் எக்கோ படத்தை அவர் பக்கம் திருப்பினார். “அதைத்தாங்க நானும் கேக்கறேன். எப்படிச் செய்ய விட்டீங்க?”

சேலத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அறுந்த நாணுக்குப் பதிலாகச் செயற்கை நூல் வைத்து வால்வைத் தைத்தார்கள். கண் விழித்தபோது நெஞ்சுத் தையல் வலித்தது. ஆனால் மூச்சு முழுதாக உள்ளே போனது. காவேரி அழுதாள். பச்சியப்பனும் அழுதார். அந்த அழுகை நிஜம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஊர் திரும்பியதும் பச்சியப்பன் தேறிவிட்டார். “எனக்கு முதல்லயே டவுட்டு. நான்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புனேன்” என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சில மாதம் போனதும் காவேரியைத் தீர்த்தமலைக் கோயிலுக்குக் கிளம்பச் சொன்னார். அவள் பிழைத்தால் மொட்டை போடுவதாக வேண்டியிருந்தாராம். மொட்டை அவளுக்கு.

“வேண்டுனது யாருங்க?”

“நான்தான்.”

“அப்ப சாமி உங்க மூஞ்சியத்தான பாத்திருக்கும்? ஆளை மாத்தினா கோவிச்சுக்குங்க.”

பச்சியப்பன் வாராவாரம் மை பூசிப் பேணிய முடி மலையடிவாரத்தில் விழுந்தது. காவேரி சற்றுத் தள்ளி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றாள். பிறகு, அவருக்காகக் காத்திராமல், நிதானமாகப் படியேறத் தொடங்கினாள்.